மகளிர் கூந்தலும் ஓமோன்களும்

மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் எழுந்த வழக்குகளுள் நம் நாட்டுச் சிறுவரும் அறிந்தது கூந்தலைப் பற்றிய வழக்கேயாகும். மகளிர் கூந்தலுக்கு மணம் இயற்கையாய் அமைந்ததோ, பூவும் புகையும் ஊட்டுவதால் வந்ததோ என்று பாண்டியன் ஐயுற்றதும், தருமி பாட்டோடு சென்றதும், நக்கீரர் குற்றங் கண்டதும், இறைவனே எழுந்தருளி வாதாடியதும் திருவிளையாடற் புராணம் கூறும் கதை. அவ்வழக்கில் வாதிட்டோர் அனைவரும் ஆடவர் என்பதை நாம் இளமையிற் கவனித்தோமில்லை. கூந்தலையுடைய ஒருத்தியைச் சபைக்கு அழைத்துக் கேட்டிருப்பின், மணத்தை அவள் பொருட்படுத்தியிராள். "காலையிற் சீப்பிட்டால் கற்றையாக வருகிறதே, அஃது ஏன்?" என்றே வினவியிருப்பாள். சங்கத்தார் அன்று கேளாத அந்த வினாவுக்கே இக்கட்டுரையில் விடை தேட முற்படுகின்றோம்.

பழைய மாணவர் வெளியிடும் கல்லூரி மலரில் இப்பொருள் ஏன் என அன்பர்கள் சிலர் புன்முறுவல் செய்யலாம். பூண்டுலோயாவைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து இக்கல்லூரிக்கு வந்து படித்தவருட் பெரும்பாலோரின் புத்தகமும் சீருடையும் கொழுந்துக் கூடையிலிருந்து வந்தவை. கூடைக் கயிறு நெற்றிக்கு மேலே பதிந்து பதிந்து, அவ்விடத்து முடி தேய்ந்த அன்னையரை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். அவர்கள் எதற்கும் முறையிட்டவர்களல்லர். முடி கொட்டுவதைப் பற்றி முறையிடுவதோ அவர்களுக்கு நாணமாயிருந்தது. அந்த நாணத்தின் மறைவில் சில நோய்கள் ஆண்டுக்கணக்காய் ஒளிந்திருந்தன என்பதைப் பிற்காலத்தில் அறிந்தோம். ஆதலின் இதனை எழுதுதல் கடமையெனத் தோன்றியது.

முதலிற் கூந்தல் வளரும் முறையை அறிதல் வேண்டும். அதற்கு நமது தேயிலை மலையினும் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை. ஒரு தோட்டத்து மலைகள் யாவும் ஒரே ஆண்டிற் கவ்வாத்து வெட்டப்படுவதில்லை. ஒரு மலை வெட்டுண்டு மொட்டையாய் நிற்கும்போது அடுத்த மலையிற் பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்தெடுத்துக் கொண்டிருப்பர். முறை மாறி மாறி வருவதால் தோட்டம் எந்நாளும் பசுமையாகவே காட்சி தருகின்றது. தலையும் அத்தகையதே. ஏறத்தாழ ஓர் இலட்சம் மயிர்கள் தலையில் உள்ளன. ஒவ்வொன்றும் தோலினுள் உள்ள மயிர்ப்புடைப்பு என்னும் சிறு குழியிலிருந்து முளைக்கின்றது. ஒவ்வொரு புடைப்பும் இரண்டு முதல் ஆறு ஆண்டுவரை இடைவிடாது வளர்த்து, பின் இரண்டு மூன்று வாரம் சுருங்கி, அதன்பின் ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்ந்திருக்கும். ஓய்வு முடிந்ததும் பழைய மயிரை உதிர்த்துப் புதியதை முளைவிக்கும். நூற்றுக்கு 85 முதல் 90 வரையான மயிர்கள் எக்காலத்தும் வளர்ச்சியில் இருக்க, எஞ்சியவை ஓய்வில் இருக்கின்றன. நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர்கள் உதிர்தல் நோயன்று. அது தலையின் கவ்வாத்து.

உதிர்ந்த மயிரின் நுனியில் வெண்மையான சிறு குமிழைக் கண்டு, "வேரோடு வந்துவிட்டதே" என அஞ்சுவோர் பலர். அக்குமிழ் ஓய்வுற்ற மயிரின் அடிமுனையேயன்றி வேரன்று. புடைப்பு தோலினுள்ளே பத்திரமாய் இருக்கின்றது. இதனை ஒரு பெண்ணுக்கு எடுத்துரைத்தால் அவளுடைய அச்சம் பாதி தீர்ந்துவிடும்.

எந்தப் புடைப்பு வளர வேண்டும், எது ஓய வேண்டும் என்ற கட்டளைகளுள் பல குருதி வழியே வருகின்றன. அவற்றைக் கொண்டு வரும் தூதுவரே ஓமோன்கள். சுரப்பிகளில் உண்டாகிக் குருதியிற் கலந்து தொலைவிலுள்ள உறுப்புக்களை ஏவும் இப்பொருள்களுக்கு, ஆங்கில உடலியல் அறிஞர் ஏர்னஸ்ட் ஸ்டாலிங் 1905 ஆம் ஆண்டில் அப்பெயரை வழங்கினார். தூண்டுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அஃது அமைந்தது. இவற்றின் அளவோ மிக நுண்ணியது. அவ்வளவு சிறிது கூடினும் குறையினும் உடல் முழுதும் அதனை உணரும். கூந்தலும் உணரும், ஆயின் பிந்தியே உணரும். இப்பிந்துதலை விளங்கிக்கொள்வதே இப்பொருளின் திறவுகோல். உள்ளே இன்று ஏதோ ஒன்று நிலைகுலைந்தால், வளர்ந்துகொண்டிருந்த புடைப்புக்கள் பல ஒருசேர ஓய்வுக்குச் செல்கின்றன. அவை மயிரை உடனே உதிர்ப்பதில்லை. ஓய்வுக்காலமாகிய இரண்டு மூன்று மாதம் கழிந்த பின்னரே உதிர்க்கின்றன. ஆகவே, சித்திரையில் முடி கொட்டினால் காரணத்தைச் சித்திரையில் தேடுதல் வீண். தை மாதத்தில் என்ன நேர்ந்தது எனக் கேட்டல் வேண்டும். முன்னாளிற் கடல் கடந்து வந்த கடிதம்போல, கூந்தல் சொல்லும் செய்தியும் நாட்பட்டே நம் கைக்கு வருகின்றது. அமெரிக்கத் தோல் மருத்துவர் அல்பேட் கிளிக்மன் 1961 இல் இவ்வகை உதிர்வை விரித்தெழுதி அதற்குத் தனிப் பெயரும் இட்டார்.

இதற்கு மிகத் தெளிவான சான்று மகப்பேறு. கருவுற்ற காலத்தில் ஈஸ்திரோஜன் என்னும் பெண் ஓமோன் மிகுந்து நிற்கும். அதன் ஆணையால், ஓய்வுக்குச் செல்ல வேண்டிய புடைப்புக்களும் செல்லாது வளர்ந்துகொண்டேயிருக்கும். எனவேதான் நிறைமாதப் பெண்ணின் கூந்தல் ஒருபோதும் இல்லாத அடர்த்தியோடு விளங்குகின்றது. குழந்தை பிறந்து நச்சுக்கொடியும் நீங்கியதும் அந்த ஓமோன் சில நாள்களுள் வீழ்ந்துவிடும். ஒன்பது மாதம் கவ்வாத்துத் தள்ளிப்போடப்பட்ட மலைகளெல்லாம் ஒரே வாரத்தில் வெட்டப்படின் தோட்டம் எவ்வாறு தோன்றும்? அதுவே தலையிலும் நிகழ்கின்றது. இரண்டு முதல் நான்கு மாதத்துள் முடி கற்றை கற்றையாக உதிரத் தொடங்கும்.

எம் லயத்து மூதாட்டியர், "பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும்" என்று கூறக் கேட்டிருக்கின்றோம். படித்த செருக்கில் அதனை எள்ளியதும் உண்டு. ஆயின் கணக்குப் பார்த்தால் மூதாட்டியர் சொன்ன காலம் சரியே. குழந்தை ஆளைப் பார்த்துச் சிரிப்பது ஆறாவது எட்டாவது வாரத்தில். அது கலகலவெனச் சிரித்து விளையாடுவது மூன்றாம் நான்காம் மாதத்தில். கூந்தல் உதிர்வதும் அக்காலத்திலேயே. குழந்தையின் சிரிப்பு காரணமன்று, நாட்காட்டி. மூதாட்டியர் காரணத்திற் பிழைத்தனர், காலத்திற் பிழைக்கவில்லை. கண்ணூறு என்று மிளகாய் சுற்றிப்போட்டவர்களையும் நாம் பெரிதும் குறை கூறோம். அவர்கள் காத்திருந்த ஆறு மாதமும், எதுவுஞ் செய்யாமலே முடி மீண்டும் முளைக்கும் ஆறு மாதமும் ஒன்றாயிருந்தன. பெரும்பாலான தாய்மார்க்குக் குழந்தையின் முதலாம் ஆண்டு நிறைவுக்குள் கூந்தல் பழைய நிலைக்கு மீள்கின்றது. நெற்றியோரத்தில் குட்டையாய் நிமிர்ந்து நிற்கும் புதுமயிர்களே அதற்கு அடையாளம். இதற்கு மருந்து வேண்டியதில்லை. பால் கொடுப்பதால் முடி கொட்டுகிறதென்று எண்ணிப் பாலை நிறுத்துவோர் குழந்தைக்கே தீங்கு செய்கின்றனர்.

கடுங் காய்ச்சல், பெரிய சத்திர சிகிச்சை, உற்றாரை இழந்த துயரம் முதலியனவும் இவ்வாறே இரண்டு மூன்று மாதம் பிந்தி முடியை உதிர்க்கும். 2020, 2021 ஆம் ஆண்டுகளிற் கொவிட் நோயுற்று எழுந்த பலர் இதனைத் தம் தலையிலேயே கண்டனர். கருத்தடை மாத்திரையை நெடுநாள் உண்டு நிறுத்திய பெண்ணுக்கும், ஈஸ்திரோஜன் குறைவதால், மகப்பேற்றுக்குப் பிந்திய உதிர்வைப் போன்றதொன்று நேரலாம்.

இனி, நம் மலைநாட்டுக்கு மிக நெருங்கியதும் நாம் விரிவாகக் கூற விரும்புவதுமான கேடயச் சுரப்பியின் கதைக்கு வருவோம். தைரொயிட்டு என்று மருத்துவர் கூறும் இச்சுரப்பி கழுத்தின் முன்புறத்தே வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்தது. இது சுரக்கும் தைரொக்சின் உடலின் அடுப்பை எரியவைக்கும் ஓமோன். அடுப்புத் தணிந்தால் இதயம் மெதுவாகும், குடல் மந்தமாகும், தோல் உலரும், நினைவு மங்கும். மயிர்ப்புடைப்புக்களும் வேலையைக் குறைத்துக்கொள்ளும். கூந்தல் உலர்ந்து, சொரசொரத்து, தலை முழுவதும் சீராக மெலியும். புருவத்தின் வெளிப்புற மூன்றிலொரு பங்கு உதிர்தலும் சிலரிடத்துக் காணப்படும். அடுப்பு அளவுக்கு மீறி எரிந்தாலும் கூந்தல் மென்மையுற்று உதிரும்.

தைரொக்சினை ஆக்குதற்கு அயடீன் இன்றியமையாதது. டன்சினன் அருவியாக விழுந்து கொத்மலை ஓயாவை நோக்கி ஓடும் நீரைக் கண்டு மகிழாதார் இக்கல்லூரியிற் படித்திருக்க முடியாது. அந்த மழையே மண்ணிலுள்ள அயடீனைக் கரைத்துக்கொண்டு கடலுக்குச் செல்கிறதென்றும், எஞ்சியதையும் மண் இறுகப் பற்றிக்கொண்டு பயிருக்கு விடுவதில்லையென்றும் அறிஞர் கூறுவர். இலங்கையின் ஈரவலயம் நெடுங்காலமாகக் கழுத்துக் கழலை மிகுந்த பகுதியாயிருந்தது. 1950 களிலும் 1960 களிலும் மருத்துவர்கள் நாடெங்கும் சென்று கழுத்துக்களைத் தடவிப் பார்த்துக் கணக்கெடுத்தனர். அயடீன் போதாமையால் வருந்திய சுரப்பி, கிடைக்கும் சிறிதளவையும் பற்றுதற்காகத் தன்னைப் பெருக்கிக்கொண்டதே அக்கழலை. பெண்களிடத்தே அது மிகுதியாய்க் காணப்பட்டது.

கடலுப்பில் அயடீன் இயல்பாகவே நிறைந்திருக்கும் எனப் பலர் எண்ணுவர். அவ்வாறன்று, உப்பளத்தில் விளைந்த உப்பில் அது மிகச் சொற்பமே. அதனாலேயே உப்பில் அயடீன் சேர்த்தல் 1995 ஆம் ஆண்டில் இலங்கையிற் சட்டத்தாற் கட்டாயமாக்கப்பட்டது. இன்று கடையில் வாங்கும் உப்புப் பொதியில் அதன் குறிப்பைக் காணலாம். நம் நாட்டுப் பொதுச் சுகாதாரத்தின் ஆரவாரமற்ற வெற்றிகளுள் இது ஒன்றென்பது எமது கருத்து. ஒரு சிறு இல்லறக் குறிப்பு: அவ்வுப்பை மூடியுள்ள பாத்திரத்தில் ஈரமும் வெயிலும் படாது வைத்தலும், சமையலின் இறுதியில் இடுதலும் நன்று, அயடீன் எளிதில் நீங்கக்கூடியது.

ஆயின், உப்புச் சட்டத்தோடு சுரப்பி நோய் ஒழிந்துவிடவில்லை. இன்று அயடீன் போதிய அளவு கிடைக்கும் நாடுகளிலெல்லாம் முதன்மையாக நிற்பது, உடலின் காவற்படையே பகைவரென மயங்கித் தன் சுரப்பியைத் தாக்கும் நோய். 1912 ஆம் ஆண்டில் ஹகாரு ஹஷிமோட்டோ என்னும் யப்பானிய மருத்துவர் இதனை முதலில் விவரித்தார். ஆடவரினும் பெண்டிர்க்கே இது பன்மடங்கு மிகுதியாக வருகின்றது. மகப்பேற்றுக்குப் பிந்திய ஓராண்டுக்குள் சுரப்பி அழற்சியுற்றுச் சோர்வதும் உண்டு. அப்போதுதான் சிக்கல் மிகுகின்றது. மகப்பேற்றின் பின் இயல்பாக முடி கொட்டும் அதே காலத்தில் இந்நோயும் புகுந்தால், ஒன்றை மற்றொன்றென எண்ணிவிடுவோம். "பிள்ளை பெற்றவளுக்கு முடி கொட்டத்தான் செய்யும்" என்ற ஆறுதல் மொழி பலருக்கு உண்மை. சிலருக்கு அது கதவடைப்பு.

எமது சிறிய தந்தையாரின் மகளொருத்தி அச்சிலருள் ஒருத்தி. இரண்டாவது குழந்தைக்கு ஒன்றரை வயதாகியும் அவளுக்கு முடி கொட்டுதல் நிற்கவில்லை. பின்னல் விரலளவாய் மெலிந்தது. நகரத்திலிருந்து வந்த எண்ணெய் வணிகன் ஒருவனிடம் மாதந்தோறும் ஒரு போத்தல் வாங்கினாள். அவளுக்கு வாங்கிக் கொடுத்தவர்களுள் நாமும் ஒருவர் என்பதை மறைப்பதற்கில்லை. கொழுந்து நிறை குறைந்தது. பாதி நாள் பேரே விழுந்தது. சோம்பல் என்றனர். எந்நேரமும் கம்பளியைப் போர்த்துக்கொண்டிருக்கிறாயே என்று நாம் கேட்டபோது, "இந்தக் குளிரில் யாருக்குத்தான் குளிராது அண்ணே?" என்று சிரித்தாள். அந்த விடை எம் வாயை அடைத்துவிட்டது. இன்று எண்ணிப் பார்க்கையில், மலைநாட்டில் இந்நோய் ஒளிந்துகொள்ள இதனினும் வாய்ப்பான இடம் வேறில்லை எனத் தோன்றுகின்றது. குளிர் தாங்காமை நோயின் குறி. இங்கோ அது காலநிலை எனப்படும். களைப்பு நோயின் குறி. இங்கோ அது வேலை எனப்படும். மாதவிடாய் மிகுதல் நோயின் குறி. அதனைப் பற்றி அவள் யாரிடமும் பேசமாட்டாள். எஞ்சி வெளியே தெரிவது கூந்தல் ஒன்றே. அதற்கும் எண்ணெய் தடவிவிடுகின்றோம்.

இறுதியில் அவள் நோயைக் கண்டது நாமல்லோம். குழந்தையின் நிறை பார்க்க வந்த மருத்துவமாது, தாயின் முகம் ஊதியிருப்பதையும் குரல் கரகரத்திருப்பதையும் கவனித்து, மாதவிடாயைப் பற்றித் தனியே அழைத்துக் கேட்டு, குருதிச் சோதனைக்கு அனுப்பினார். டி.எஸ்.எச். எனப்படும் அச்சோதனை, மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி கேடயச் சுரப்பியை எவ்வளவு உரக்க அதட்டுகின்றது என்பதை அளப்பது. சுரப்பி சோர்ந்தால் அதட்டல் உயரும். ஆகவே எண் உயர்தல் சுரப்பியின் தாழ்வைக் காட்டும். அவளுடைய எண் மிக உயர்ந்திருந்தது. அது கண்டறியப்படாமலே அவள் மூன்றாம் முறை கருவுற்றிருப்பின், கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் கேடு நேர்ந்திருக்கலாம். கூந்தலை அற்பப் பொருளென ஒதுக்குவோர் இதனை நினைத்தல் வேண்டும்.

இந்நோய்க்கு மருந்து கண்ட வரலாறு சுவையானது. 1891 இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து மருத்துவர் ஜோர்ஜ் மறே, செம்மறியாட்டின் கேடயச் சுரப்பிச் சாற்றை, இந்நோயால் முற்றும் சோர்ந்திருந்த ஒரு மாதுக்கு ஊசிவழி ஏற்றினார். அவர் பிழைத்தெழுந்து மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914 ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று அமெரிக்க அறிஞர் எட்வேட் கெண்டல் தைரொக்சினைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். இன்று அது சிறு வெள்ளை மாத்திரையாய் எளிய விலையில் உள்ளது. இருவர் செய்த அரும்பணி ஒருபுறமிருக்க, மாத்திரையை உண்ணும் முறையில் நம்மவர் செய்யும் ஒரு பிழையைப் பின்னர்க் கூறுவோம்.

சுரப்பி சோர்ந்தால் மாதவிடாய் மிகும் என்றோம். மிகுந்தால் குருதியோடு இரும்புச் சத்தும் போகும். இரும்பு குறைந்தால் மயிர்ப்புடைப்புக்கள் மேலும் வாடும். அதுவன்றித் தைரொக்சினை ஆக்குவதற்கும் இரும்பு வேண்டியிருப்பதால் சுரப்பியும் மேலும் சோரும். இவ்வாறு ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்குகின்றன. தோட்டப்புறப் பெண்களிடத்தே குருதிச்சோகை நெடுநாளைய குறை. இதில் நம் தேயிலைக்கும் ஒரு பங்கு உண்டென்று சொல்ல வேண்டியிருப்பது வருத்தமே. உணவோடு குடிக்கும் தேநீர், அவ்வுணவிலுள்ள இரும்பைக் குடல் உறிஞ்சுவதைப் பெரிதும் தடுக்கின்றது. கீரையும் பருப்பும் உண்டு அதன்மேல் சாயம் மிகுந்த தேநீரைக் குடித்தால், கீரையின் பயனிற் பெரும்பகுதி போய்விடும். ஒரு மணி நேரம் விட்டுக் குடித்தால் அத்தடை குறையும். தேசிக்காய்ப் புளி சேர்த்த கீரை இரும்பை நன்கு தரும்.

இனி ஆண் ஓமோன்களைப் பற்றிச் சிறிது கூறுவோம். அந்திரோஜன் எனப்படும் இவை பெண்ணுடலிலும் சிறிதளவு சுரக்கின்றன, அது இயல்பே. இவற்றின் போக்கு விந்தையானது. அதே ஓமோன் மோவாயில் மயிரை வளர்க்கும். உச்சந்தலையில் மயிரைச் சிறுக்கச் செய்யும். இடத்துக்கேற்ப இரு முகங் காட்டும் இவ்வியல்பை முற்றும் விளக்கினார் இன்றுமில்லை. அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹமில்ரன் 1942 இல், பருவமடையுமுன் விதை நீக்கப்பட்ட ஆடவர்க்கு வழுக்கை விழுவதில்லை என்றும், குலவழியில் வழுக்கை உடையவராயின் தெஸ்தொஸ்தரோன் ஊட்டியதும் வழுக்கை தொடங்குகின்றதென்றும் காட்டினார். ஓமோன் மட்டும் போதாது, குலவழி மட்டும் போதாது, இரண்டும் கூடவேண்டும் என்பது அதனாற் பெறப்பட்டது. (எமது தலையைக் கண்ணாடியிற் காணும்போதெல்லாம் ஹமில்ரனை நினைக்கின்றோம்.)

பெண்ணுக்கு வரும் இவ்வகைக் குறைவில் முன்நெற்றிக் கோடு பெரும்பாலும் அப்படியே நிற்கும். வகிடு மட்டும் அகன்றுகொண்டே போகும். செருமானிய மருத்துவர் எரிக் லுட்விக் 1977 இல் இதனை மூன்று படிகளாக வகுத்தார். மகப்பேற்று உதிர்வு போலக் கற்றையாகக் கொட்டுவதன்று இது. மயிர்ப்புடைப்பு ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாகச் சுருங்கி, முன்னையினும் மெல்லிய மயிரைத் தருகின்றது. பழைய கவ்வாத்துக்குப் பின் செடி நலிந்து சிறு கொழுந்தே தருவது போல. மாதவிடாய் நின்றபின் ஈஸ்திரோஜன் குறைவதால் இது மேலும் வெளிப்படும். தானாகத் திரும்புவதன்று, ஆயின் மருத்துவரிடம் காலத்தோடு சென்றால் மேலும் மெலிதலைத் தடுக்கலாம். மினொக்சிடில் என்னும் பூச்சு மருந்து இதற்கு உதவுகின்றது. குருதியழுத்தத்துக்கு உண்ட மாத்திரையால் உடலில் மயிர் முளைத்ததைக் கண்டு, அதனைத் தலைக்குப் பூசும் மருந்தாக்கினர். நிறுத்தினால் பயனும் நின்றுவிடும். கருவுற்றோரும் பாலூட்டுவோரும் அதனைத் தாமாக வாங்கிப் பூசுதல் கூடாது.

இளம்பெண்ணுக்கு வகிடு அகன்று, முகத்தில் மயிரும் பருவும் மிகுந்து, மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையே வருமாயின், சூலக நீர்க்கட்டி நோயை ஐயுறுதல் வேண்டும். 1935 இல் சிக்காகோ நகர மருத்துவர் ஸ்ரைனும் லெவந்தாலும் இதனை விவரித்தனர். இன்சுலின் உடலில் சரிவர வேலை செய்யாமையால் அதன் அளவு உயர்ந்து, சூலகத்தை மிகுதியாக ஆண் ஓமோன் சுரக்கும்படி தூண்டுதல் இதன் காரணங்களுள் ஒன்று. நம் நாட்டிற் கம்பகா மாவட்டத்திற் செய்யப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வொன்று, 15 முதல் 39 வயதுவரையான பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேருக்கு இது இருப்பதாகக் கண்டது. ஆகவே அரிய நோயன்று. பிற்காலத்தில் நீரிழிவு வருதற்கும், பிள்ளைப்பேறு தாமதித்தற்கும் இது வாயிலாவதால், கூந்தலும் முகமும் தரும் முன்னறிவிப்பைப் புறக்கணித்தல் ஆகாது. உடல் நிறையைச் சிறிது குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகின்றது.

எல்லா முடி உதிர்வையும் ஓமோனின் தலையிற் சுமத்துதலும் தவறு. நாம் தொடக்கத்திற் கூறிய கூடைக் கயிற்றின் தேய்வு இழுவையாலும் உராய்வாலும் வருவது; இறுகப் பின்னிக் கட்டும் சிறுமியரின் நெற்றியோரத்திலும் அது காணப்படும். அதற்குச் சோதனை வேண்டாம். துணியைத் தடிப்பாக மடித்து வைத்தலும், கயிறு படும் இடத்தை மாற்றுதலும், பின்னலைத் தளர்த்துதலும் போதும். நெடுங்காலம் விட்டால் புடைப்பு அழிந்து, பின் முளைக்காது. வட்டமாய்க் காசளவு வழுவழுப்பாக உதிர்வதும், செதிலும் அரிப்புமாக உதிர்வதும் வேறு நோய்கள். அவற்றை மருத்துவரே பார்த்துக் கூறல் வேண்டும்.

எண்ணெயைப் பற்றி எம்மைக் கேட்பாருண்டு. தேங்காயெண்ணெய் கூந்தலின் தண்டினுள் ஊறி, கழுவும்போது அதன் புரதம் வீணாவதைக் குறைக்கின்றது. அதனால் நுனி பிளவாது, பளபளப்பும் தங்கும். செம்பருத்தியும் வெந்தயமும் இட்டுக் காய்ச்சிய எண்ணெயை எம் அன்னையார் தேய்த்துவிட்ட ஞாயிற்றுக்கிழமைகளை நாமும் மறந்திலோம். ஆயின் வெளியே வந்த மயிர் உயிரற்றது. அதன்மீது பூசியது எதுவும் குருதியிற் குறைந்த தைரொக்சினை நிறைக்காது. எண்ணெய் பூசுவதில் தீங்கில்லை. எண்ணெயை நம்பிக் காலத்தை இழப்பதே தீங்கு.

எப்போது மருத்துவரை நாட வேண்டும் என்று மாணவ அன்பர்கள் வினவலாம். மூன்று மாதம் முன்னே காய்ச்சலோ மகப்பேறோ பெருந்துயரோ இருந்ததா என்று முதலிற் பார்க்க, இருந்திருப்பின் பொறுத்திருக்கலாம். அத்தகைய காரணம் இல்லாவிடினும், ஆறு மாதத்துக்கு மேல் உதிர்வு நீடிப்பினும், மகப்பேற்றின் பின் ஓராண்டு கடந்தும் நில்லாவிடினும், களைப்பு, குளிர் தாங்காமை, மாதவிடாய் மாற்றம் ஆகியவற்றுள் ஒன்று உடனிருப்பினும், காத்திருத்தல் தகாது. குருதியின் நிறம், இரும்பு, டி.எஸ்.எச். ஆகிய சோதனைகளால் பெரும்பாலும் வழி தெரிந்துவிடும். வீட்டிலுள்ள ஆடவர் செய்யக்கூடியது, அந்த ஒரு நாட் பேரை இழந்தாலும் பரவாயில்லை என்று கூறி உடன் செல்லுதலே.

மாத்திரையைப் பற்றிய பிழையைக் கூறுவதாகச் சொன்னோம். தைரொக்சின் மாத்திரையை விடியலில் வெறுவயிற்றில், வெறும் நீரோடு உண்ணுதல் வேண்டும். அதன்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை வேறெதுவும் உட்கொள்ளலாகாது. தேநீரோடு விழுங்கினால் மருந்தின் ஒரு பகுதி உட்செல்லாது. இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து உண்பது அதனினும் கேடு. இரண்டுக்குமிடையே நான்கு மணி நேரமாவது இருத்தல் வேண்டும். எமது தங்கை முதல் இரண்டு மாதம் இரண்டையும் ஒன்றாக, பிரட்டுக்கு முன் அவசரமாகக் குடிக்கும் தேநீரோடு விழுங்கியிருக்கின்றாள். எண் இறங்காதது கண்டு மருத்துவர் வினவியபோதே அது தெரிந்தது. முறையை மாற்றிய பின் எண் இறங்கியது. கம்பளி முதலில் நீங்கியது. கொழுந்து நிறை பின்னர் ஏறியது. கூந்தல், தன் வழக்கப்படி, எல்லாவற்றுக்கும் பிந்தி, ஏழெட்டு மாதம் கழித்தே திரும்பத் தொடங்கியது.

மாத்திரைப் போத்தல் இப்போது அடுப்படித் தட்டில், கேத்தலுக்கு அருகே, முன்பு எண்ணெய்ப் போத்தல் இருந்த இடத்தில் இருக்கின்றது. விடியலில் எழுந்ததும் அவள் ஒன்றை நீரோடு விழுங்கிவிட்டுப் பிள்ளைகளை எழுப்பி, தலை வாரி, பள்ளிக்கு ஆயத்தஞ் செய்கின்றாள். தேநீர் அதன் பின்னரே.